எங்கள் சாலையில் மட்டும் வெடித்த கார்

பழைய கார் வாங்கப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாத ஆளே ஊரில் கிடையாது. டயரைப் பார், அடியில் துரு தின்றிருக்கிறதா பார், ஆயில் குச்சியை உருவி மோந்து பார், சைலன்சர் ஓட்டையில் விரலை விட்டுக் கரி ஒட்டுகிறதா பார். எல்லாவற்றையும் பார்த்தேன். பானட்டைத் தொட்டபோது சூடாக இருந்தது. வெயிலில் நிற்கிற வண்டி, சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் வருவதற்கு முன்பே விற்கிறவர் அதை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். ஆறிப்போன இன்ஜின் காலையில் எப்படி முக்கி முனகி எழுந்திருக்கும் என்பதை நான் பார்த்துவிடக் கூடாது, அதற்காக. அவர் சூலக்கரையில் வீடு கட்டிக் குடியிருந்த ரிட்டயர்டு அதிகாரி. நெற்றி நிறைய விபூதி. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் கேட்காத எதையும் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கார் பைத்தியமெல்லாம் இல்லை. என் மனைவியை வெடிக் கம்பெனியிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கார். இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. பிரஸ் வேலை போனவன் மைனர் மாதிரி கார் வாங்கிவிட்டான் என்றுதான் தெருவில் பேச்சு. அதற்கு முன்பு நான் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலண்டர், வெடிப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை. புது மெஷின் வந்ததும் நாலு பேர் வேலைக்கு ஒரு ஆள் போதும் என்றார்கள். அந்த ஒரு ஆள் நானில்லை.

எங்கள் ஊர் தாயில்பட்டியைத் தாண்டிப் போகிற சாலையில் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே வந்தால் கரிசல் காடு, வேலிக்கருவேல், அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளையடித்த கம்பெனி ஷெட்டுகள். என் மனைவி அதில் ஒன்றில் சரவெடிக்குச் சரம் பின்னினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலைதான். நான் வேலை இல்லாமல் உட்கார்ந்த நாட்களில் வீட்டில் உலை கொதித்தது அவள் கையால். அதை நான் மறைக்கப் போவதில்லை.

கார் வாங்குவதற்கு முந்தின வருசம் அவள் கம்பெனியில் வேறொரு ஷெட் வெடித்தது. அப்போது அவள் குழாயடியில் நின்றிருந்தாள். அந்த ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெண், நீ அங்கேதானே போகிறாய், இதையும் கழுவிக்கொண்டு வா என்று தன் தூக்குச் சட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். என் மனைவி அந்தத் தூக்குச் சட்டியோடு வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகுதான் அது கையில் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க அவளால் முடியவில்லை. கடைசியில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

கம்பெனியைக் கொஞ்ச நாள் பூட்டினார்கள். பிறகு திறந்தார்கள். திறந்ததும் அவள் போனாள். போகாதே என்றேன்.

"போகாம? ஒங்க மெஷின் வேலை திரும்பி வந்துருச்சா?" என்றாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அப்போதுதான் கார் யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் பஸ் சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது. பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாத்தூர் ரயிலடிக்கு, இருக்கன்குடிக் கோயிலுக்கு என்று ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு கார் இருந்தால் வாடகைக்கு ஓட்டி இரண்டு பேரும் சாப்பிடலாம், அவள் வீட்டில் இருக்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் அவள் சுற்றி வந்து பார்த்தாள். டயரை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒரு மாசம் மெக்கானிக்கு மூஞ்சில முழிக்காம இது ஓடட்டும். அன்னைக்கே நான் நின்னுக்கிடுறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் மாற மாட்டேன். ஒங்க வண்டி மாறாம இருந்தாச் சரி."

அவள் கிண்டலாகச் சொன்னதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் காரில் கிளம்புகிற ஒவ்வொரு சத்தமும் எனக்கு அவளைப் பற்றிய சத்தம்தான். விசிறி பெல்ட் கீச்சிட்டால், சரி, இன்னும் ஒரு மாதம் அவள் உள்ளே. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் இன்னும் ஒரு மாதம். காலையில் செல்ஃப் எடுக்காமல் வண்டி இருமினால், அவள் சோற்றைக் கட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்க்காமல் போவாள். அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய கோளாறுகள். பொறுக்க முடியாத ஒன்று வாங்கின வாரத்திலேயே வந்தது. பக்கத்து வீட்டு மதினியைச் சாத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். மதினி என்றால் உறவில்லை, தெருப் பழக்கம். என்னைவிட மூத்தவள், தம்பி என்று கூப்பிடுவாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டிக் குழியில் வண்டி இறங்கியபோது ஒரு நொடி இன்ஜின் மூச்சு நின்ற மாதிரி இருந்தது. அடுத்த நொடி சைலன்சரில் டமார் என்று வெடித்தது.

வெளியூர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகு நடந்தது புரியாது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்த மாட்டோம். வாசலுக்கு வந்து சுற்றிலும் வானத்தைப் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று. அதுவரை ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. நம் ஆள் வேலை பார்க்கிற பக்கம் புகை இல்லை என்று தெரிந்தால் மூச்சு விடுவோம். வேறு பக்கம் புகை இருக்கிறதே, அங்கேயும் ஆள் உண்டே என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வரும். அப்படி மூச்சு விட்டதற்காக யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நானும் வெட்கப்பட்டதில்லை.

அன்றைக்கும் தெரு முழுக்க வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தது. வானத்தில் ஒன்றுமில்லை. அப்போது நான் மதினியோடு தெருவுக்குள் நுழைந்தேன், பின்னால் கறுப்புப் புகையோடு. இரண்டாவது தடவையும் வெடித்தது.

"ஏலே, கொள்ளையில போற வண்டிய எங்கனருந்துலே பிடிச்சுட்டு வந்த?" என்றது ஒரு பெரிய குரல். அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை எழுத முடியாது. பெண்கள் அதைவிட மோசமாகத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே ஒருத்தி அழுதாள். அவள் புருசன் மருந்து கலக்கிற ஷெட்டில் இருந்தான்.

சாத்தூரில் நாலுவழிச் சாலை ஓரத்தில் ஒரு ஒர்க் ஷாப். நான் போன மெக்கானிக் அங்கேதான் இருந்தார். நல்ல வாய்க்காரர். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

"வெடிக்கிறது இன்ஜின் இல்ல அண்ணாச்சி, சைலன்சரு. உள்ள எரியாத பெட்ரோலு சூடான சைலன்சருக்குள்ள போயி அங்கன எரியுது. அம்புட்டுத்தான்."

அதை அவர் சரியாகத்தான் சொன்னார். ஏன் எரியாமல் போகிறது என்பதுதான் கேள்வி. முதலில் ப்ளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. பெட்ரோல் ஜாஸ்தியாகப் போகிறது என்று கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டினார். ஓட்டிப் பார்த்தார், வெடிக்கவில்லை. வெறும் வண்டியாக வர மனமில்லாமல், எப்போதும் போல ரயிலடியில் ஆள் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன், பாலத்தில் வெடித்தது. அடுத்த தடவை ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, இன்ஜினை ஓட விட்டு ப்ளக் ஒயர்களைப் பார்த்தார். ஒரு ஒயரில் நீலமாகப் பொறி கசிந்தது. ஒயரெல்லாம் மாற்றினோம். ஊருக்கு வந்தேன், வெடித்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை கீறல் இருந்தது. மாற்றினோம், வெடித்தது. சைலன்சர் வாயில் துணியை அடைத்துக் காது கொடுத்துக் கேட்டார். ஜாயிண்டில் உஸ் என்று காற்று போனது. வெல்டு வைத்து அடைத்தோம். வெடித்தது. ஒவ்வொரு தடவையும் அவர் ஏதோ ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் செய்தார். பழைய காரில் தேடினால் கோளாறு கிடைக்காமலா போகும்? நமக்கு வேண்டிய கோளாறு எது என்பதுதான் தெரியவில்லை.

ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அவர் தனியாக, நாலுவழிச் சாலையில். வழவழவென்று போகிற சாலை. அங்கே அது ஒருநாளும் வெடித்ததில்லை. எங்கள் சாலைக்கு வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். லோடு லாரிகள் போய்ப் போய்ச் சாலை என்று சொல்வதற்கே ஒன்றுமில்லாத சாலை. அவர் வரவில்லை.

"ஒங்க ஊருக்குள்ள போனா மட்டும் வெடிக்குதுன்னா கோளாறு வண்டியில இல்ல அண்ணாச்சி, ஊருல," என்றார்.

ஒர்க் ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எங்கள் ஊர்க் கோளாறு எனக்குத் தெரியாதா? அதிலிருந்து ஒரு ஆளையாவது தப்பிக்க வைக்கத்தானே இவரிடம் வந்து நின்றேன்.

கடைசியில் ஊரில் பேசி முடிவெடுத்தார்கள். கம்பெனி வேலை நேரத்தில் நான் ஊருக்குள் காரை ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. நான் மறுக்கவில்லை, மறுக்க என்ன இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வருவேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி பாலம் வரைக்கும் நடந்து வந்து கார் ஏறுவாளா? ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். வாடகை குறைந்தது. என் மனைவி வெளியே வருகிற நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அவள் மட்டும் அந்தச் சத்தத்துக்குக் கோபப்பட்டதில்லை. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள்.

"ஒங்க வண்டி வெடிச்சா எங்க ஷெட்டுல எல்லாரும் சரத்தக் கீழ வச்சுட்டுச் சும்மா இருப்போம். பொறவு மதினி மக சொல்லுவா, அது நம்ம சித்தப்பா காருன்னு. ஒரே சிரிப்புத்தான்."

மதினி மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சரம் பின்னினாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அந்த வருசம்தான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

"எல்லாரும் என்னைத் திட்டுறாங்க, நீங்கல்லாம் சிரிக்கிறீக," என்றேன்.

"சத்தம் கேட்டு, அது கம்பெனி இல்லன்னு தெரிஞ்சா சிரிப்பு வராதா?" என்றாள்.

கோளாறு கார் சீட்டில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததும் அவள்தான், அதுவும் நக்கலாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் போய்த் திரும்பும்போது மூன்று தடவை வெடித்தது. நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன். நேற்றுத் தனியாக வரும்போது ஒழுங்காகத்தானே வந்தது என்று கத்தினேன்.

"வெடிக்காரி ஒக்காந்தா வெடிக்கத்தான செய்யும்," என்றாள் வெளியே பார்த்துக்கொண்டு.

கோபத்தில் எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு காரை நிறுத்தினேன். அவளை இறங்கச் சொன்னேன். கோபத்தில் இறக்கிவிடுகிறேன் என்று நினைத்து, அவள் முந்தானையை உதறிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். நான் அவளைக் கடந்து அந்தக் குழிகளிலேயே தனியாக முன்னும் பின்னும் ஓட்டினேன். ஒரு சத்தமில்லை. திரும்ப அவளை ஏற்றிக்கொண்டு அதே குழிகளில் விட்டேன். வெடித்தது. வீட்டுக்கு வந்து, முன் சீட்டில் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துப் பாலம் வரைக்கும் போனேன். அரிசி மூட்டைக்கும் வெடித்தது.

இடது சீட்டைக் கழற்றினேன். விரிப்பைத் தூக்கினால் அடியில் டேப்பால் சுற்றிய ஒரு சின்ன சுவிட்ச். சாவியிலிருந்து இன்ஜினுக்குப் போகிற கரண்டை அதன் வழியாகச் சுற்றி விட்டிருந்தார்கள். சீட்டுத் தண்டவாளம் அந்த ஒயரின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து ஒயர் தோல் உரிந்து நைந்து கிடந்தது. ஆள் பாரம் ஏறி, குழியில் வண்டி குலுங்கினால் ஒரு கணம் கரண்ட் அறுந்துபோகும். அந்த ஒரு கணத்தில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகும். கரண்ட் திரும்பி வந்ததும் அது வெடிக்கும். தனியாக ஓட்டுகிற மெக்கானிக்குக் காலம் முழுக்க அது வெடிக்கப் போவதில்லை.

காரை விற்ற சூலக்கரைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அதுவா? எனக்கு முன்னாடி ஒரு வெடி ஏஜெண்டு வச்சிருந்தாரு. கம்பெனிக்குள்ள வண்டிய விட்டா கரண்டு இருக்கக் கூடாதுன்னு ஒரு கட்-ஆஃப் வச்சிருந்தாரு. சேஃப்டிக்கு. நீங்க கேக்கலையே," என்றார்.

சேஃப்டிக்கு வைத்ததாம். அந்தச் சுவிட்ச் அணைந்தால் இன்ஜின் மட்டும்தான் ஓடாது. பேட்டரி ஒயர், லைட்டு, ஹார்ன் எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கும். பொறி வரவேண்டும் என்றால் எதிலிருந்து வேண்டுமானாலும் வரும். ஆனாலும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டியாயிற்று, காவலாளி பார்த்தாயிற்று, வண்டி உள்ளே போகலாம். எங்கள் பக்கத்தில் பாதுகாப்பு என்று வைப்பதெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். ஷெட்டுக்கு வெளியே மணல் வாளி தொங்கும், அதற்குள் மணலுக்குப் பதில் வெற்றிலை எச்சில் கிடக்கும். தரையில் ரப்பர் விரித்திருப்பார்கள், சீசன் வந்தால் அந்த ரப்பரில் அளவுக்கு மேல் ஆளை நெருக்கி உட்கார வைப்பார்கள்.

சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒயரை நேராகச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். அவளை ஏற்றிக்கொண்டு, இருக்கிற குழி ஒன்றையும் விடாமல் ஓட்டினேன். வண்டி வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். சீட்டுக்கடியில என்ன கெடக்குன்னு நான் என்னத்தக் கண்டேன் அண்ணாச்சி என்றார். அதுவும் சரிதான்.

ஊருக்குள் கார் திரும்பி வந்தது. வாடகையும் வந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டினேன். ஆயில் மாற்றினேன், ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன், காலையில் எழுந்ததும் அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று தரையைத் தடவிப் பார்த்தேன். அந்த மாதம் அப்படியே கழிந்தது. மெக்கானிக் மூஞ்சியில் நான் முழிக்கவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்துக்கொண்டு நின்றேன்.

"பேச்சு மாற மாட்டேன்னியே."

"மாறலங்க. தீவாளி ஆர்டர் முடியட்டும். இப்பப் பாதியில விட்டுட்டு வந்தா என் பங்கையும் அந்தப் பிள்ளைதான் பின்னணும். பச்சப் பிள்ளை, கை ஓடாது அவளுக்கு."

"கம்பெனிக்காரனுக்கு வேற ஆள் கெடைக்கும்."

"சீசன்ல எங்கனருந்து கெடைக்கும்? கொஞ்ச நாளுதான். பொறவு போன்னு நீங்க சொன்னாலும் போக மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கம்பெனிக்காரன் இவளுக்கு என்ன அண்ணனா தம்பியா? அவன் ஆர்டர் முடியாவிட்டால் இவளுக்கு என்ன? ஆனால் அவள் கம்பெனியைச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைச் சொன்னாள். கம்பெனிகள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன. மருந்து, திரி, லைசென்ஸ் எல்லாம் அப்புறம். பக்கத்தில் இருக்கிறவள் சிரமப்படுவாளே என்று ஒருத்தி கூடுதலாக ஒரு வாரம் வருவாள், அவளுக்காக இன்னொருத்தி வருவாள்.

அந்தக் காலையில் அவளையும் மதினி மகளையும் நான்தான் காரில் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் விட்டேன். அவள் முன்னால், பிள்ளை பின்னால். குழிகளில் ஏறி இறங்கியும் வண்டி சத்தம் போடாமல் போனது.

"சித்தப்பா காரு ஊமையாயிருச்சே," என்றாள் அந்தப் பிள்ளை.

அவர்கள் இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைக் கடைசி வரி வரைக்கும் காக்க வைத்து அதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

திரும்பி வந்து வாசலில் காரை நிறுத்தி பானட்டைத் திறந்தேன். பேட்டரி முனையில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. கிளாம்பைக் கழற்றி வெந்நீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சத்தம் கேட்டது. தரை அதிர்ந்து, சொம்பில் இருந்த வெந்நீர் ஆடியது.

தெரு வாசலுக்கு வந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் காரைப் பார்த்தார்கள். என்னைத் திட்டின வாய்கள்தான் எல்லாம். அன்றைக்கு ஒருவர்கூடத் திட்டவில்லை, திட்டுவதற்குக் காரணம் கிடைக்காதா என்று நின்றார்கள். மதினி கையில் அரிசி களைந்த ஈரத்தோடு என் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, ஒங்க காருதானய்யா?"

கழற்றின கிளாம்ப் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பேட்டரி இல்லாமல் கார் ஓடாது என்பது அவளுக்கும் தெரியும்.

"ஆமா மதினி. என் காருதான்," என்றேன்.

"அதான பாத்தேன்," என்றாள். வீட்டைப் பார்க்க நாலு எட்டு வைத்தாள். பிறகு அங்கேயே நின்றுவிட்டாள். மேற்கே கருவேலங்காட்டுக்கு மேல் புகை எழும்ப ஆரம்பித்திருந்தது. வெள்ளையாகத் தொடங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கார்க் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கிளாம்பை எப்படி மாட்டினேன் என்று நினைவில்லை. சாவியைத் திருப்பினதும் முதல் திருப்பிலேயே இன்ஜின் எடுத்தது. எத்தனையோ காலைகளில் நான் கும்பிட்டுக் கேட்டும் எடுக்காத செல்ஃப். தெருவைத் தாண்டிக் கம்பெனிச் சாலையில் திரும்பினேன். குழிகளை ஒதுக்கி வேகமாகப் போனேன். மதினி முன் கண்ணாடி வழியாகப் பார்க்கவே இல்லை, மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் பேசினாள்.

"தம்பி, குழியில விட்டு ஓட்டுங்கய்யா."

எனக்குப் புரிந்தது. குழியில் விட்டேன். வண்டி தூக்கிப் போட்டது. அடுத்த குழியிலும் விட்டேன். ஒரு தடவை வெடித்தால் போதும், கொஞ்சம் முன்னால் கேட்டதும் இதுதான் என்று நாங்கள் இரண்டு பேரும் கம்பெனி வாசல் வரைக்குமாவது நம்பியிருப்போம். இருக்கிற குழி ஒன்றையும் நான் விடவில்லை. புகை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. அந்த வண்டி ஒரு சத்தமும் போடாமல், புது வண்டி மாதிரி போனது.